அசையாதீங்க மாமா!

என் தங்கை மகன் போட்டோ எடுக்கத் தானாகவே கற்றுக்கொண்டான் என்று ஊரில் சொல்லிக்கொள்கிறார்கள். தங்கையும் அப்படித்தான் சொல்கிறாள். "ஒரு கிளாஸுக்குப் போகல, யாரும் சொல்லிக் குடுக்கல, பத்துப் பைசா செலவில்ல" என்று அவள் அடுக்கும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பத்துப் பைசா செலவில்லை என்பது வாஸ்தவம்தான். ஆனால் அவன் படித்த பள்ளிக்கூடம் எங்கள் வளவு, பாடப்புத்தகம் நாங்கள். ஆறிப்போன காபியாகவும் கருகிய தோசையாகவும் சுளுக்கிய காலாகவும் ஃபீஸ் கட்டியிருக்கிறோம். ரசீது கேட்கவில்லை, அவ்வளவுதான்.

திருநெல்வேலி டவுனில் வளவு வீடு என்றால் ஒரு வாசல், ஒரு முற்றம், ஒரு கிணறு, இரண்டு பக்கமும் வரிசையாக வீடுகள். இந்த வீட்டில் தாளித்தால் அந்த வீட்டில் தும்முவார்கள். ஒரு கோடியில் தங்கை குடும்பம், மறு கோடியில் நான், நடுவில் எங்கள் அம்மா. வளவு மொத்தத்துக்கும் அவள் ஆச்சி. இந்த இடத்தில் 16 வயதுப் பையன் கையில் கேமராவோடு திரிந்தால் யார் தப்ப முடியும்?

ஆரம்பம் என்னவோ அவன் அம்மாவின் செல்போன்தான். பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த லீவில் பொழுது போகாமல் எடுக்க ஆரம்பித்தான். துளசி இலையில் எறும்பு, துணிக்கொடியில் கிளிப்பு, கிணற்றுக் கயிற்றின் முடிச்சு. தங்கை தினமும் சொந்தக்காரர்களுக்கு அனுப்பும் 'இனிய காலை வணக்கம்' ரோஜாப்பூவுக்கு இடமில்லை என்று ஒருநாள் போன் கைவிரித்துவிட்டது. உள்ளே பார்த்தால் எறும்பு. ஒரே எறும்பு, பல கோணங்களில்.

"இந்த எறும்புக்குக் கல்யாண ஆல்பம் போடப் போறியால?" என்றாள்.

"எறும்பைப் பாக்காதம்மா, வெளிச்சத்தப் பாரு" என்றான். அன்றே நாங்கள் உஷாராகியிருக்க வேண்டும்.

சென்னையில் வேலை பார்க்கும் அவன் பெரியப்பா மகன் புதுக் கேமரா வாங்கியபோது, பழைய நிக்கானை இவனிடம் தள்ளிவிட்டான். கூடவே 50 எம்.எம். லென்ஸ் ஒன்று. கேமராவும் நல்ல கேமரா, லென்ஸும் நல்ல லென்ஸ். ஆனால் இரண்டுக்கும் ஜாதகப் பொருத்தம் இல்லை. அந்த ரகக் கேமராவின் உடம்பில் போகஸ் செய்யும் மோட்டார் கிடையாது, லென்ஸில் இருக்கும் என்று விட்டுவிட்டார்கள். இந்த லென்ஸோ பழைய ரகம், மோட்டார் கேமராவில் இருக்கும் என்று நம்பிச் செய்தது. ஆகவே பொத்தானை எவ்வளவு அமுக்கினாலும் படம் தானாகத் தெளியாது. கையால் வளையத்தைத் திருப்பித் திருப்பித்தான் தெளியவைக்க வேண்டும். அவன் திருப்பி முடிக்கும்வரை எதிரே இருப்பவர் ஆடாமல் அசையாமல் இருக்க வேண்டும். எங்கள் வளவில் சுப்ரபாதத்துக்கு அடுத்தபடியாக அதிகம் ஒலிக்கும் வாசகம் அப்படிப் பிறந்ததுதான்: "அசையாதீங்க மாமா!"

இன்னொரு வில்லங்கம், அந்த லென்ஸில் ஸூம் கிடையாது. போதாக்குறைக்கு அந்தக் கேமராவின் சென்சார் சின்னது என்பதால் 50 எம்.எம். லென்ஸ் 75 எம்.எம். கணக்கில் பார்க்குமாம். அதாவது எல்லாமே கிட்டத்தில் தெரியும். முற்றத்தில் நாலு பேரை நிறுத்தினால் இரண்டு பேர்தான் அடங்குவார்கள். மீதிப் பேரை அடக்க அவன் பின்னாலேயே போவான். கண் முன்னால், கால் பின்னால். இப்படிப் போய், என் மனைவி காயப்போட்டிருந்த கூழ்வற்றலில் உட்கார்ந்தான். அந்த வருஷம் எங்கள் வீட்டு வற்றலில் ஜீன்ஸ் துணியின் நெசவு அச்சு பதிந்திருந்தது. பொரித்தால் அதுவும் சேர்ந்து பொரிந்தது.

பாடம் முழுக்க யூடியூப்பில்தான். பாதி வாத்தியார்கள் இவனுக்கு ஒரு வார்த்தை தெரியாத இந்தியில் பேசுவார்கள். இவன் வாயைப் பார்க்காமல் அவர்கள் விரல் எந்தச் சக்கரத்தைத் திருகுகிறது என்று பார்த்தே படித்தான். பிறகு எனக்குப் பாடம் எடுத்தான். லென்ஸுக்குள் ஒரு துவாரம் இருக்கிறது, அதைப் பெரிதாக்கலாம், சிறிதாக்கலாம். எஃப் 1.8 என்றால் பெரிய துவாரம், எஃப் 16 என்றால் ஊசிக்கண்.

"அதெப்படிடா, எண் சின்னதா இருந்தா துவாரம் பெருசு?"

"கிளாஸ்ல ரேங்க் மாதிரி மாமா. 1 வாங்குனவன் பெரிய ஆளு, 16 வாங்குனவன் சின்ன ஆளு."

இந்த ஒரு உதாரணத்துக்கே அவன் அப்பா அவனைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் அவர், "அப்ப ஒன் ரேங்க் என்னல?" என்று கேட்டுப் பேச்சை வேறு திசைக்குக் கொண்டுபோய்விட்டார்.

துவாரம் பெரிதானால் பின்னணி கரைந்துபோகும். அதுதான் அழகு என்று எல்லா வாத்தியாரும் சொல்லிவைத்தார்கள். சொல்லாமல் விட்ட சங்கதி, எஃப் 1.8இல் ஒரு மீட்டர் தூரத்தில் ஒருவரை எடுத்தால் தெளிவாக விழுவது முன்னும் பின்னுமாகச் சுமார் 3 சென்டிமீட்டர்தான். நெல்லைக்காரன் மூக்கு அதைவிட நீளம். என்னை எடுத்த முதல் படத்தில் மூக்கு நுனி பளிச்சென்று, ஒவ்வொரு துளையும் எண்ணுகிற மாதிரி வந்திருந்தது. கண் முதல் காது வரை மிச்சமெல்லாம் பனிமூட்டம். என் மனைவி வாங்கிப் பார்த்துவிட்டு, "மூக்கு நல்லா வந்திருக்கு" என்றாள். கல்யாணமாகி இத்தனை காலத்தில் என் உருவத்தைப் பற்றி அவள் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை அது. அவனுக்கு அது போதவில்லை. "கண்ணு விழணும் மாமா. கண்ணு விழலேன்னா படமே இல்ல" என்று மறுபடி உட்காரவைத்தான். காபி ஆறியது.

நானும் லேசுப்பட்டவன் இல்லை. எனக்கும் கேமரா தெரியும் என்று யாஷிகா காலத்துக் கதையை எடுத்துவிட்டேன். ஒரு ரோலில் 36 படம். சாமர்த்தியமாகச் சுற்றினால் 37, கொடுத்துவைத்தவர்களுக்கு 38. கல்யாணத்தில் ஆரம்பித்த ரோல் வளைகாப்பில்தான் முடியும். முடிந்தபிறகு ஸ்டுடியோவில் கொடுத்துக் கழுவ வேண்டும். கழுவி வரும்வரை யாருக்குத் தலை இருக்கிறது, யாருக்கு இல்லை என்று தெரியாது. கருப்பு வெள்ளைக்கு நம் ஊட்டியிலேயே, ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸில், 'இந்து' என்ற பெயரில் பிலிம் செய்தார்கள். வெயில் எவ்வளவு, துவாரம் எவ்வளவு என்று பிலிம் டப்பாவிலேயே சூரியன் படமும் மேகம் படமும் போட்டிருக்கும். உச்சிவெயிலில் 16ஆம் எண், பிலிமின் வேகம் 100 என்றால் ஷட்டர் நொடியில் நூறில் ஒரு பங்கு. மீட்டர் இல்லாமலே உலகம் முழுக்க அப்படித்தான் எடுத்தது.

"நெசமாவா மாமா?" என்று முற்றத்துக்கு ஓடினான். நெல்லை வெயிலில் எடுத்துப் பார்த்தான். சரியாக வந்தது. அன்றிலிருந்து என்மேல் மரியாதை கூடியது. அந்த மரியாதையின் பலன், விடியற்காலையில் வெளிச்சம் பொன்னாக இருக்கும் நேரத்துக்கு என்னை எழுப்பினான். வண்டி ஓட்ட லைசென்ஸ் என்னிடம்தானே இருக்கிறது.

அடுத்த அத்தியாயம் ஷட்டர். நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்று வைத்தால் பறப்பது அந்தரத்தில் நிற்கும். எங்கள் வீட்டில் பறக்கக்கூடிய பொருள் தோசைதான். தங்கை கரண்டியால் புரட்டும் தோசை அவன் கண்ணுக்குப் போதுமான உயரம் போகவில்லை. "இன்னும் மேல வீசும்மா" என்றான். முதல் தோசை அடுப்பில், இரண்டாவது அம்மி மேல். பிறகு அடுக்களையில் வெளிச்சம் பத்தவில்லை என்று அடுப்பையே முற்றத்துக்கு மாற்றினான். ஒருவழியாக, தோசையும் அதிலிருந்து தெறித்த எண்ணெய்த் துளிகளும், கீழே வாயைப் பிளந்து பார்க்கும் அவன் அம்மாவும் ஒரே படத்தில் விழுந்தார்கள். பிரமாதமான படம். அதுவரை வீசிய தோசைகளை நாங்கள்தான் தின்று தீர்த்தோம்.

வேகமான ஷட்டர் அலுத்ததும் மெதுவான ஷட்டர். அரை நொடி திறந்துவைத்தால் ஓடுகிற தண்ணீர் பட்டுத்துணியாகப் படியுமாம். சாரல் சீசனில் ஐந்தருவிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பகலில் அரை நொடி திறந்தால் படம் வெளுத்துவிடும் என்பதால் லென்ஸுக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடி வேண்டும். அதற்கான பில்ட்டரை வாங்கப் பணமில்லை. என் கூலிங்கிளாஸைக் கழற்றி லென்ஸுக்கு மாட்டினான். கேமரா ஆடக்கூடாது, ஸ்டாண்டு இல்லை. என் துண்டை வாங்கிச் சுருட்டிப் பாறையில் வைத்து அதன்மேல் கேமராவை உட்காரவைத்தான். கண்ணாடியும் இல்லாமல் துண்டும் இல்லாமல் சாரலில் நடுங்கிக்கொண்டு நின்ற நேரத்தில், உடம்பெல்லாம் எண்ணெய் பளபளக்க, கோவணத்தோடு ஒரு பெரியவர் எங்களை நோக்கி வந்தார்.

"என்னல தம்பி, எங்களையா படம் புடிக்க?"

"இல்ல சார், அருவியத்தான். அசையுறவங்க யாரும் இதுல விழ மாட்டாங்க. நீங்கல்லாம் புகையாப் போயிருவீங்க."

"என்னது? நான் புகையாப் போயிருவேனா?"

போட்டோ விஞ்ஞானத்தை விளக்கி அவரை அமைதிப்படுத்த ஒரு தட்டு மிளகாய் பஜ்ஜி செலவானது. படத்தில் அருவி பட்டாகத்தான் விழுந்தது. பெரியவர் இருந்த இடத்தில் ஒரு சின்ன மேகம்.

எல்லாக் கலைக்கும் முன்னோடிகள் உண்டு. இவன் அவர்களையும் தேடிப் பிடித்தான். ஃபிரான்ஸில் ஜாக் ஹென்றி லார்டீக் என்று ஒருவர். 1894இல் பிறந்தவர், சின்னப் பையனாக இருக்கும்போதே அப்பா கேமரா வாங்கிக் கொடுத்துவிட்டார். 1905இல் தன் அத்தை பெண்ணோ மாமா பெண்ணோ ஒருத்தி படிக்கட்டிலிருந்து குதிக்க, பாவாடை பறக்க அந்தரத்தில் நிற்கிறாற்போல எடுத்த படம் இன்றும் பேசப்படுகிறது. அந்த மனுஷனை உலகம் கண்டுகொண்டது 1963இல், நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகத்தில் கண்காட்சி வைத்தபோது. "அறுபது வயசுக்கு மேலதான் பேரு கிடைச்சுது மாமா" என்று இவன் சொன்னதை அவன் அப்பா ரசிக்கவில்லை. என் மகளும் ரசிக்கவில்லை. காரணம் வேறு. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு இவளை மச்சுப்படியிலிருந்து குதிக்கவைத்தான். "கைய விரிச்சுக் குதி, சிரிச்சுக்கிட்டே குதி" என்றான். குதித்தாள். கணுக்கால் சுளுக்கு. படத்தில் பாதம் மட்டும் விழுந்திருந்தது.

நம் நாட்டு ரகு ராய் கதை தெரிந்தபிறகு நிலைமை இன்னும் மோசமாயிற்று. சிவில் எஞ்சினியருக்குப் படித்தவர். போட்டோகிராபரான அண்ணனோடு தங்கியிருந்த காலத்தில், ஒரு கிராமத்தில் கழுதைக்குட்டி ஒன்றை எடுத்தார். அண்ணன் அதை லண்டன் டைம்ஸுக்கு அனுப்ப, அது அச்சாகிவிட்டது. அப்புறம் எஞ்சினியரிங் என்னத்துக்கு? 1972இல் பத்மஸ்ரீ. கதை கேட்ட மறுநாள் மருமகன் வந்து, "மாமா, இங்க கழுதை எங்க கிடைக்கும்?" என்றான். தாமிரபரணிப் படித்துறையில் வெளுக்கிறவர்கள் மூட்டையைக் கழுதைமேல் ஏற்றிப் போனது என் சின்ன வயசில். இப்போது லோடு ஆட்டோ. குறுக்குத்துறையிலிருந்து வண்ணாரப்பேட்டை வரை வண்டியில் சுற்றினோம். அவன் அப்பாவுக்குப் போன் செய்து, "வர நேரமாகும், கழுதை தேடிக்கிட்டு இருக்கோம்" என்றேன். "ஒண்ணு ஒம்ம வண்டியில பின்னாலயே இருக்கே அத்தான்" என்றார்.

பறவைக் கிறுக்கும் பிடித்தது. கூந்தன்குளத்துக்குப் போனோம். அந்த ஊர்க்காரர்கள் பறவைக்காகப் பட்டாசு வெடிக்காதவர்கள். மஞ்சள்மூக்கு நாரையும் கூழைக்கடாவும் தெருவோரத்து மரங்களிலேயே கூடு கட்டிக் குடித்தனம் நடத்தும். மரத்தடியில் நின்றால் 50 எம்.எம். லென்ஸுக்கே கிடைத்துவிடும் என்பது அவன் கணக்கு. கணக்கு சரிதான், நின்ற இடம்தான் சரியில்லை. கூட்டுக்கு நேர்கீழே நின்றுகொண்டு அண்ணாந்து வளையத்தைத் திருப்பிக்கொண்டிருந்தான். நாரை இவனைவிட வேகமாகக் குறிபார்த்தது. கேமராவைச் சட்டைக்குள் மறைத்துத் தலையில் வாங்கிக்கொண்டான். அந்த நொடியில்தான் பையன் இதை விடமாட்டான் என்று எனக்கு விளங்கியது.

இதற்குள் சொந்தபந்தத்துக்குச் செய்தி பரவிவிட்டது, வீட்டோடு ஓசி போட்டோகிராபர் இருக்கிறான் என்று. ஒரு காதுகுத்துக்குக் கூப்பிட்டார்கள். மேடையில் ஆள் வைத்து எடுத்துக்கொண்டிருந்தார்கள், இவன் மண்டபத்தைச் சுற்றினான். படங்களைக் காட்டியபோது சொந்தங்களின் முகம் சுருங்கியது. சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டு நெற்றியை முழங்கையால் துடைக்கும் சமையல்காரர். பந்தி முடிந்த இலையின் முன்னால் உட்கார்ந்தபடியே தூங்கும் ஒரு தாத்தா. வாசலில் செருப்புக் குவியல். காது குத்திக்கொண்ட பிள்ளை ஒரே ஒரு படத்தில்தான் இருந்தது, அதிலும் முதுகு. "பட்டுச்சேலை கட்டி நின்னேன், என் செருப்பத்தான் எடுத்திருக்கான்" என்று ஒரு சித்தி குறைப்பட்டாள். ஆனால் அவளே பிறகு சொன்னாள், அந்தக் குவியலைப் பார்த்துத்தான் தன் செருப்பை யார் மாற்றிப் போட்டுக்கொண்டு போனார்கள் என்று கண்டுபிடித்தாளாம்.

இத்தனையும் திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த ஆச்சி ஒருநாள் அவனைக் கூப்பிட்டாள்.

"ஏ ஐயா, எனக்கு ஒரு படம் எடுத்துத் தாயேன்."

"எதுக்கு ஆச்சி?"

"மாட்டதுக்குத்தான்."

சுவரைக் காட்டினாள். அங்கே என் அப்பா இருக்கிறார். அவர் போனபோது வீட்டில் தனிப்படம் இல்லை. யாரோ கல்யாணக் கூட்டத்தில் நின்றதை வெட்டிப் பெரிதாக்கினோம். ஸ்டுடியோக்காரர் தன் பங்குக்குக் கோட்டு ஒன்றை மாட்டிவிட்டார். வாழ்நாளில் துண்டைத் தவிர எதையும் தோளில் போடாத மனுஷர் கோட்டும் சூட்டுமாகத் தொங்குகிறார். பக்கத்தில் நின்ற யாரோ ஒருவரின் காதும் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, வருஷா வருஷம் மாலை வாங்கிக்கொள்கிறது.

"எனக்கு இந்தக் கதி வேண்டாம். மேல மாலைக்கு எடம் விட்டு எடு. கம்மல் தெரியணும்" என்றாள்.

மருமகன் அவசரப்படவில்லை. எந்த நேரத்தில் ஜன்னல் வழியாக வெளிச்சம் சாய்ந்து வருகிறது என்று வந்து வந்து பார்த்துவிட்டுப் போனான். எதிர்ச்சுவரில் வெள்ளை வேட்டி ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டான், நிழல் விழுகிற கன்னத்துக்கு அது வெளிச்சம் கொடுக்குமாம். ஆச்சி சந்தனக்கலர் சேலையில் முக்காலியில் உட்கார்ந்தாள். நம்மூரில் கேமராவைக் கண்டால் அட்டென்ஷனில் நிற்கிற வியாதி அவளுக்கும் உண்டு, விறைத்துவிட்டாள். அவன் 'அசையாதீங்க' என்று சொல்லவே இல்லை. வளையத்தில் விரலை வைத்துக்கொண்டு, "ஆச்சி, தாத்தா ஒங்களப் பொண்ணு பாக்க வந்தப்ப என்ன செஞ்சாங்க?" என்றான்.

"என்னத்தச் செஞ்சாரு, கேசரிய மேல கொட்டிக்கிட்டாரு" என்றாள் ஆச்சி. க்ளிக்.

கண் விழுந்திருந்தது. கண்ணோரச் சுருக்கம் ஒவ்வொன்றும் விழுந்திருந்தது. கம்மலில் ஜன்னல் வெளிச்சம் ஒரு பொட்டாக நின்றது. ஆச்சி பிரிண்டைக் கைநீட்டத் தூரத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இது மாட்டதுக்கு ஆகாது ஐயா. துட்டி கேக்க வாரவளுவ இதப் பாத்தா அழ மாட்டாளுவ, சிரிப்பாளுவ. இத இப்பமே மாட்டு. அதுக்கு வேற ஒண்ணு பொறவு எடுத்துக்கிடலாம்."

மாட்டினோம். கோட்டுப் போட்ட அப்பாவுக்குப் பக்கத்தில், மாலைக்கு விட்ட இடம் காலியாக. விஷயம் தெருவுக்குத் தெரிந்ததும் வயசானவர்கள் ஒவ்வொருவராக வளவு வாசலுக்கு வர ஆரம்பித்தார்கள். நெற்றி நிறைய திருநீறு, சலவைச் சட்டை, பெட்டியிலிருந்து எடுத்த சேலை. பிரிண்டு காசுபோக இஷ்டப்பட்டதைக் கொடுத்தார்கள். அவன் அதில் மோட்டார் உள்ள லென்ஸுக்குச் சேர்க்கிறான். அவன் அப்பா ஒன்றும் சொல்வதில்லை, அவருடைய அம்மாவும் வரிசையில் இருக்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை, அன்றைய வரிசை முடிந்தது. நான் திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். நிழல் விழுந்தது. நிமிர்ந்தால் மருமகன்.

"மாமா, ஒங்களுக்கும் ஒண்ணு எடுத்து வச்சிரட்டுமா?"

"எனக்கு அம்பத்திரண்டுதாண்டா ஆகுது!"

"அதுக்கில்ல மாமா" என்றான், ஒரு கண்ணை மூடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே. "வெளிச்சம் இப்ப நல்லா இருக்கு."

உள்ளே போய் நல்ல சட்டையாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு வந்தேன். என் மனைவி எட்டிப் பார்த்து, "மூக்கையும் சேத்து எடுடா" என்றாள்.